எட்டுப் போடும் கை

இன்னா, எறிஞ்சாச்சு. அங்கன போய்ப் பொத்துனு விழுந்தாச்சு. இனி ரீலைச் சுத்திச் சுத்தி இழுக்கணும், படகுகிட்ட வந்ததும் உடனே தூக்கிரக் கூடாது, தூண்டில் கம்பு நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு, நூல்ல கட்டுன அந்தப் பொய்மீனை எட்டுப் போட வைக்கணும், ஒரு எட்டு, இன்னொரு எட்டு, பொறவுதான் தூக்கணும், தூக்குனா மறுபடி எறியணும். வந்ததுல இருந்து இவுகளுக்கு இந்த ஒரே சோலிதான். வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் தண்ணியில குதிச்சிருப்பா; எனக்கு நீச்சல் தெரியாது, அதனால உக்காந்திருக்கேன். "அத்தான்." "ம்." சரி, இருக்காக. இந்த ஒரு 'ம்'முக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். டாக்டர் சொன்னது இவுகளைத் தனியா தண்ணிமேல விடக் கூடாதுன்னு, நான் சொன்னது அப்பம் நானும் கூட வாரேன்னு, இவுக சொன்னது தொணதொணன்னு பேசி மீனை விரட்டக் கூடாதுன்னு, கடைசியில பேசி முடிச்சது இதுதான்: நான் கூப்பிடுவேன், இவுக திரும்பிக்கூடப் பாக்காம 'ம்' சொல்லணும். தென்காசியில ஊரே பாக்கத் தாலி கட்டுன மனுசன்கிட்ட இருந்து இப்பம் எனக்கு வேண்டியது அந்த ஒரு எழுத்து. அது வந்துட்டா அடுத்த எறி வரைக்கும் மூச்சு விடலாம். புகை வேற. மலைக்கு அந்தப் பக்கம் எங்கயோ காடு எரியுது, இந்த வாஷிங்டன் மாநிலத்துல ஆகஸ்ட் பொறந்தா இதுவும் ஒரு பண்டிகை மாதிரி வந்துருது, நேத்து இருந்த மலையை இன்னைக்குக் காணல, கரையைக் காணல, நட்டநடு மத்தியானத்துல சூரியன் செக்கச்செவேல்னு ஒரு வட்டமா தொங்குது, கண்ணு கூசாம பாக்கலாம், அப்பிடிப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. சாம்பல் விழுந்து தண்ணிமேல அப்பிடியே நிக்குது. காத்து இருந்தாத்தான நகரும். வேற ஒரு படகு கிடையாது, புத்தி உள்ளவன் எவனும் இன்னைக்கு வீட்டை விட்டு வெளிய வரமாட்டான். இவுகதான், வெளிச்சம் மங்குனா அது மேல வரும், உலகுன்னு எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக. அதுன்னா அந்த மீன். சரின்னு தலையை ஆட்டிட்டு நானும் மாஸ்க்கை மாட்டிக்கிட்டுக் கிளம்பியாச்சு. புத்தி எனக்கும் இல்லைன்னுதான ஆகுது.

டைகர் மஸ்கி. பேரைப் பாரு. உடம்புல புலிக்கோடு இருக்காம். மீன் வாங்குற வீட்டுல பச்சைத் தண்ணி பல்லுல படாத குடும்பம் எங்க ரெண்டு பேர் குடும்பமும், அதுல பொறந்த குத்தாலிங்கம் பிள்ளை இங்க வந்து ஆறு வருசமா ஒரு மீன் பின்னால அலையுதாக. அத்தை போன்ல கேப்பா, சனிக்கிழமை என் மவன் என்ன பண்ணுதான்னு. படகுல காத்து வாங்கப் போயிருக்காக அத்தைம்பேன். பொய் இல்லையே, காத்தும்தான வாங்குதாக. திங்கிறதுக்கு இல்லட்டி, பிடிச்சுத் தண்ணியிலயே விட்டுருவேன், அதனால பாவம் பாதிதான்னு ஒரு கணக்குச் சொன்னாக ஆரம்பத்துல, மிச்சப் பாதியை யாரு தலையில வைப்பீகன்னு கேட்டேன், சிரிச்சாக. அந்த மீனும் நல்ல மீன் இல்ல, அதாவது சாமி படைச்ச மீன் இல்ல. ரெண்டு வேற வேற ஜாதி மீனைப் பண்ணையில சேத்து உண்டாக்குனது, கோவேறு கழுதை மாதிரி, அதுக்கு வம்சம் கிடையாது. இந்த ஏரியில வேண்டாத மீன் பெருகிப்போச்சுன்னு அதுகளைத் தின்னு தீக்குறதுக்காகச் சின்னதுல லாரியில கொண்டாந்து ஊத்துவாங்களாம். இதுக்குள்ள இருக்க ஒவ்வொண்ணும் ஊத்துனதுதான். எதுக்கும் ஆத்தா இங்க இல்ல, பிள்ளையும் இருக்கப்போறதில்ல, வளந்து, நீளமாகி, தின்னுக்கிட்டே இருந்து, ஒருநாள் போயிரும். எனக்கு அதை நெனச்சா பாவமா இருக்காது, பயமாத்தான் இருக்கும். அதோட குணமும் அப்பிடி. மத்த மீனு பசிச்சா கடிக்கும், பயந்தா ஓடும். இது ரெண்டும் செய்யாது. பொய்மீனுக்குப் பின்னாலயே வரும், கைக்கெட்டுற தூரத்துல, படகு வரைக்கும் வந்து, நின்னு, நம்மளைப் பாத்துட்டு, பைய இறங்கிப் போயிரும். அதுக்குத்தான் இந்த எட்டு. நம்ம ஊர்ல லைசென்ஸ் எடுக்கப் போனா ஆர்.டி.ஓ. முன்னால போட்டுக் காட்டுவமே, அந்த எட்டுதான். பின்னால வந்தது பாத்துக்கிட்டு நிக்கையில பொய்மீன் வளைஞ்சு வளைஞ்சு போனா, சில நேரம் பொறுக்க முடியாம பாஞ்சுரும். சின்னது சிலதை இவுக அப்பிடிப் பிடிச்சு விட்டிருக்காக. பெரிய ஒண்ணு இருக்கு, அது மட்டும் மாட்டல. வரும், எத்தனையோ தடவை வந்திருக்கு, வந்ததும் இவுக கை மாறிரும். மூச்சு வாங்கும், கம்பு ஆடும், எட்டு வேகமாகும், இல்லைன்னா ஒரு நொடி நின்னுரும், அது போயிரும். வீட்டுக்கு வந்து சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொல்லுவாக, மீன் வந்தாலும் வராத மாதிரியே கை போகணும், அதைப் பாத்துட்டா என் கை எனக்கு நிக்க மாட்டேங்கு உலகுன்னு. சொல்லையில கண்ணு கலங்கியிருக்கும். ஒரு சவத்து மீனுக்கு.

"அத்தான்." "ம்." இருக்காக. முதுகுதான் தெரியுது, ஆரஞ்சுக் கலர் லைஃப் ஜாக்கெட், மேல சாம்பல், கழுத்துல முடி வெட்டாம சுருண்டு கிடக்கு. முகம் தெரிஞ்சா நல்லது, ஆனா முகத்தைப் பாத்தும் என்னத்தைக் கண்டோம். மாசியில அன்னைக்கு அடுப்படியில முகத்தைப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். காப்பி ஆத்துதாக, டம்ளர்ல இருந்து டபராவுக்கு, டபராவுல இருந்து டம்ளருக்கு, நான் எதையோ பேசிக்கிட்டு இருக்கேன், மவ வடிவு போன் பண்ணுனதையோ என்னத்தையோ, காப்பி வழிஞ்சு மேடையெல்லாம் ஓடுது, கை ஆத்திக்கிட்டே இருக்கு. ஆத்த ஒண்ணும் இல்ல, வெறும் டம்ளர், அப்பவும் ஆத்துது. கண்ணு திறந்து இருக்கு. உதடு மட்டும் எதையோ ருசி பாக்க மாதிரி சப்புக்கொட்டுது. அத்தான்னு கத்துதேன், தோளைப் பிடிச்சு உலுக்குதேன், அந்தக் கண்ணு என்மேல பட்டுச்சு, பட்டுட்டு அப்பிடியே தாண்டிப் போச்சு. எங்கூட முப்பது வருசமா இருக்க கண்ணு. பொறவு எப்பமோ இமைச்சு, என்னட்டி இப்பிடி மேடையில காப்பியைக் கொட்டி வச்சிருக்கன்னு என்னையக் கேக்காக! அவுகளுக்கு நடுவுல ஒண்ணுமே நடக்கல. துணியை வெட்டி இந்த நுனியையும் அந்த நுனியையும் வச்சுத் தச்ச மாதிரி, நடுத்துண்டு எங்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. மூளையில ஒரு ஓரத்துல கரண்டு தப்பிப்போகுதுன்னாரு டாக்டர், ஒரு மாதிரி வலிப்புதானாம், விழ மாட்டாகளாம், அந்த நேரத்துல ஆள் இருக்காதாம், கை இருக்குமாம், பழகின வேலையைக் கை பாட்டுக்குச் செய்யுமாம், பிடிச்சு இழுக்கக் கூடாதாம், பக்கத்துல நிக்கணுமாம். ஆள் இல்லைன்னா அப்பம் உள்ள இருந்து பாக்கது யாருன்னு கேக்க வாயெடுத்தேன், கேக்கல, கோட்டிக்காரின்னு நெனச்சிருப்பாரு. மாத்திரை தந்தாரு. அதுல இருந்து வண்டி நான்தான் ஓட்டுதேன், இந்தப் படகைப் பின்னால கட்டி ரிவர்ஸ் எடுத்து இறக்குறதும் நான்தான், மொத தடவை நாலு வெள்ளைக்காரங்க காப்பியைக் குடிச்சுக்கிட்டு நின்னு வேடிக்கை பாத்தாங்க, பாத்துட்டுப் போறானுவ. வடிவு ஒரே பிடியா நிக்கா, படகை இப்பமே வில்லுங்கம்மான்னு. இவுக கேட்டுக்கிட்டு இருந்துட்டு, எந்திரிச்சுப் போய் சாமி முன்னால இருக்க விபூதி மரவையில கையை வச்சுச் சத்தியமா சொன்னாக, இன்னொரு தடவை வந்துட்டா வித்துருவோம், நானே விக்கேன், தண்ணிப் பக்கமே போகமாட்டேன்னு. சொன்னா சொன்னதுதான், அந்த வம்சம் அப்பிடி. அன்னைக்கு அப்புறம் வரல. அப்பிடித்தான் நெனைக்கேன். நான் குளிக்கப் போயிருக்கையில வந்திருந்தா? நான் தூங்கையில? அவுகளுக்கே தெரியாததை வேற யாரு எங்கிட்ட வந்து சொல்லுவா? இந்த நெனப்பு வந்துட்டா அவ்வளவுதான், செக்குல கட்டுன மாடு மாதிரி அதையே சுத்திக்கிட்டு இருப்பேன்.

விக்கட்டும்னு நானும் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? நீச்சல் தெரியாதவ, மீன் வாடை ஆகாதவ, வெயிலும் ஆகாது. வீட்டுல இவுக பேசமாட்டாக, அதான். ஆபீஸ்ல ஆளைக் குறைச்சப்போ இவுகளையும் அனுப்பிட்டாங்க, அன்னையில இருந்து வீட்டுல இந்த மனுசன் ஒரு நாற்காலி. டிவி ஓடும், பாக்கமாட்டாக. சாப்பாடு எப்பிடின்னா நல்லாருக்குன்னு சொல்லுவாக, உப்பில்லாட்டியும் நல்லாருக்கு. இங்க வந்து, எறிஞ்சு ஓய்ஞ்சு, கம்பைக் கீழ வச்சுட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கையில, திடீர்னு பேச ஆரம்பிப்பாக. காலேஜ்ல ஒரு வருசம் பெயிலாகி, வீட்டுல சொல்லப் பயந்து, தினமும் சைக்கிளை எடுத்துக்கிட்டுக் குத்தாலத்துக்குப் போய் அருவிக்கரையில சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருந்ததை போன மாசம் இந்தப் பலகையில உக்காந்துதான் சொன்னாக. கல்யாணமாகி இத்தனை வருசம் கழிச்சு! எனக்கு அன்னைக்குப் புதுப்பொண்ணு மாதிரி ஆயிட்டு, வெக்கத்தை விட்டுச் சொன்னா. இந்தப் படகு போச்சுன்னா அந்த மனுசனும் போயிருவாக, நாற்காலிதான் மிஞ்சும். அதனால வேண்டிக்கிட்டு வாரேன், தென்காசிக் கோயில் உலகம்மா, உன் பேரை வச்சிருக்கேன், இன்னைக்கும் வரக் கூடாது. "அத்தான்." "ம்... ஏட்டி, இப்பந்தான கேட்ட." கோவம் வந்துட்டு. வரட்டும், கோவம் வந்தா ஆள் இருக்காகன்னு அர்த்தம். இந்த ஏரியும் ஏரி இல்ல, அணை கட்டித் தேக்குனது, அடியில ஒரு ஊர் இருந்திருக்கு. படகை இறக்குற பாதையே அந்தக் காலத்துத் தார்ரோடுதான், நடுவுல போட்ட மஞ்சக்கோடு அப்பிடியே தண்ணிக்குள்ள இறங்கிப் போகுது, எங்கயோ இப்பவும் போய்க்கிட்டு இருக்கும்லா. நம்ம ஊர்ல ஆத்துல ஆழமான இடத்தைக் கசம்பாங்க, கசத்துக்கிட்ட போகாதன்னு சொல்லித்தான் வளத்தாங்க, இது முழுக்கவும் கசம்தான். இந்தா இந்தச் சின்ன டிவி இருக்கே, அடியில என்ன கிடக்குன்னு காட்டுறது, அதுல மொட்டையா நிக்கிற மரமெல்லாம் குச்சி குச்சியா வரும். குச்சிக்கு நடுவுல இப்பம் பட்டையா படுக்கையில ஒண்ணு கிடக்கு. கட்டையாத்தான் இருக்கும். அதுவும் நம்ம கூடவே வருதா என்ன? படகு நகரல, அதனால அதுவும் நகரல, அவ்வளவுதான். சொல்லலாமா இவுககிட்ட? சொன்னா கை நடுங்கும். நான் சொல்லல. இப்பம் பாத்தா அந்தப் பட்டையைக் காணோம், மரம் மட்டும் நிக்குது.

எட்டு நடக்கு. தண்ணி சலப்சலப்னு சத்தம் கேக்கு, ரெண்டு எட்டுல நின்னுரும், தூக்கி எறிவாக, எறியையில அந்த ரீல் உய்ங்கும். புளியோதரையை இப்பம் எடுக்கவா இன்னும் செத்த போகட்டுமா, தண்ணி பாட்டில் எங்க வச்சேன், பைக்குள்ள கையை விட்டுத் தடவிக்கிட்டு இருக்கேன், சலப்சலப், ஏன் இன்னும் உய்ங்கல? நிமிந்தேன். இன்னும் எட்டுதான் போடுதாக. இது எத்தனாவது? "அத்தான்." சலப். "அத்தான்." சலப். எந்திரிச்சா படகு ஆடுது, பலகையைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கமா நகந்து முகத்தைப் பாக்கேன், பாக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் பாக்கேன். உதடு சப்புக்கொட்டுது. கண்ணு திறந்து தண்ணியைப் பாத்துக்கிட்டு இருக்கு, எப்பவும் மீனை எதிர்பாத்து எப்பிடிப் பாக்குமோ அப்பிடியே இருக்கு, ரெண்டு பார்வைக்கும் ஒரு வித்தியாசம் இல்ல, இத்தனை நாளும் எந்தப் பார்வையை நான் இவுகன்னு நெனச்சேன். வந்துட்டு. வந்தே வந்துட்டு, உலகம்மா, உன் கண்ணு அவிஞ்சா போச்சு. பிடிச்சு இழுக்கக் கூடாது, பக்கத்துல நிக்கணும், ஜாக்கெட் பட்டையை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். கை எட்டுப் போடுது. இவ்வளவு நல்ல எட்டை நான் பாத்ததில்ல. நடுக்கமில்ல, அவசரமில்ல, வளைவுல ஒரே வேகம், குறுக்க ஒரே வேகம், பேய் பிடிச்ச ஊஞ்சல் ஆள் இல்லாம ஆடுமே அப்பிடி. அப்பந்தான் பாத்தேன். சாம்பல் மிதக்குற தண்ணிக்கு ஒரு முழம் கீழ, பொய்மீனுக்குப் பின்னால, அது. எப்பம் வந்துச்சோ தெரியல. எட்டோட சேந்து அதுவும் எட்டுப் போடுது. தலை அந்த வளைவுல திரும்பையில வால் இந்த வளைவுல கிடக்கு. புகை வெளிச்சத்துல அந்தக் கோடெல்லாம் சிவப்பா தெரியுது, கண்ணு மேல் பக்கமா இருக்கு, இமை இல்லாத கண்ணு. இவுக கண்ணு ஒண்ணு, அது கண்ணு ஒண்ணு, ரெண்டுலயும் ஆள் இல்ல, நடுவுல நான் ஒருத்திதான் இருக்கேன். கத்தணும், கத்துனா அது போயிரும், போகட்டுமே, சவம் போகட்டும், ஆனா வாய் திறக்கல எனக்கு. ஆறு வருசம். மீன் வந்தாலும் வராத மாதிரியே கை போகணும். இன்னா போகுதே! ஐயோ, இன்னா போகுதே அத்தான், பாக்க நீங்க இல்லையே.

அது பாஞ்சுச்சு. பாஞ்சதை நான் பாக்கல, தண்ணி முகத்துல அறைஞ்சதுதான் தெரியும். கம்பு வில்லா வளைஞ்சு, ரீல் கீய்ங்னு அலறுது, இவுக கம்பை வயித்தோட சேத்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்காக, பிடி மட்டும்தான் இருக்கு, முகம் அப்பிடியே இருக்கு. விரலை எடுத்துவிடப் பாக்கேன், இரும்பு. அறுத்து விடலாமா, கத்தி எங்க, அறுத்தா அந்த மூணு கொக்கியும் அது வாயிலயே கிடந்து புண்ணா போயிரும், அறுத்து விட்டா நூல் நுனியில இருக்க கம்பி அதை வாயை மூடவிடாது உலகுன்னு சொல்லியிருக்காகளே. பின்னால போய் நின்னு, ரெண்டு கையையும் இவுக இடுப்பைச் சுத்தி முன்னால கொண்டுபோய், இவுக கைக்கு மேல ஒரு கையை வச்சு, மறுகையால ரீலைச் சுத்துதேன். முகத்தை இவுக முதுகுல வச்சிருக்கேன், ஒண்ணும் தெரியல, இதயம் மட்டும் அடிக்குது, யாருதுன்னு தெரியல. அது இழுத்தா ரீலைச் சுத்தவிடாது, விட்டா சுத்தலாம், அப்பிடியே கொஞ்சம் கொஞ்சமா படகுகிட்ட வந்து பக்கவாட்டுல சாஞ்சுச்சு. வலையைத் தலைப் பக்கமா கொடுக்கணும், அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்காக, ஒரு காலைப் பலகையில முட்டுக்கொடுத்து ஒரு கையால கொடுத்தேன், உள்ள போயிட்டு. இனி கொக்கியை எடுக்கணும். குறடை எடுத்து வச்சுக்கிட்டு அந்த வாயைப் பாக்கேன், வாய்க்குள்ள வரிசை வரிசையா பல்லு, எனக்குக் கை வரல, அழுகை வருது. அப்பம் எனக்குப் பக்கத்துல இவுக முட்டி போட்டாக. கம்பைக் கீழ வச்சாச்சு. எங்கையில இருந்த குறடைப் பைய வாங்குனாக, சின்னப்பிள்ளை கையில இருந்து கத்தியை வாங்குற மாதிரி, வாங்கி, ஒரு திருப்பு, ரெண்டு திருப்பு, கொக்கி வந்துட்டு. கண்ணு மீனைப் பாக்கல. எதுத்தாப்புல புகையைப் பாத்துக்கிட்டு இருக்கு. "அத்தான்?"னு காதுக்குள்ள கேட்டேன். இல்ல. கை மட்டும் வாலோட அடியைப் பிடிச்சுது, மறுகை வயித்துக்குக் கீழ போச்சு, வலை இறங்குச்சு, தண்ணியில அதை நிமித்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கு அந்தக் கை, அதுக்குச் செவுள் சீராகி, தானா உதறிட்டுப் போற வரைக்கும் பிடிச்சுக்கணும், அதுதான் முறை. நான் இவுக காலரை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன். அது வாலை ஒரு உதறு உதறுச்சு. விரல் அந்த நொடியில விரிஞ்சுது, முன்னாலயும் இல்ல பின்னாலயும் இல்ல. மஞ்சக்கோடு போன ரோடு மாதிரி அது கீழ போச்சு. போன பொறவும் இவுக கை தண்ணிக்குள்ள அதே அளவுக்கு விரிஞ்சுபோய் நின்னுக்கிட்டு இருந்துச்சு, நான்தான் எடுத்து மடியில வச்சேன்.

உக்கார வச்சாச்சு. தலை தொங்கிக் கிடக்கு, இப்பம் நினைவு வரும், போன தடவையும் இப்பிடி மந்தமா கிடந்துட்டுத்தான் வந்துச்சு. யாரு பாத்தா? ஒருத்தரும் பாக்கல. புகை பாத்துச்சு. நான் சொன்னாத்தான நடந்தது. வலையை அலசிச் சுருட்டி வச்சேன், பொய்மீனை வளையத்துல மாட்டினேன், பலகையில கிடந்த வழவழப்பு மேல ஏரித் தண்ணியை அள்ளி ஊத்தினேன், எங்கையைச் சட்டையில தேச்சுத் தேச்சுத் துடைச்சேன். எம்புட்டு வேகமா செய்யுதேன், எனக்கே ஆச்சரியமா இருக்கு, இதுக்கெல்லாம் என் கை எப்பம் பழகுச்சு. சொல்லலைன்னா படகு இருக்கும். சனிக்கிழமை இருக்கும், புளியோதரை இருக்கும், காலேஜ் கதைக்கு மிச்சம் இருக்கும். சொல்லலைன்னா இன்னொரு நாள் நான் பைக்குள்ள பாட்டிலைத் தேடையில அந்தக் கை பாட்டுக்குத் தண்ணிக்குள்ள போகும், பின்னாலயே உடம்பும் போகும், நான் நிமிந்து பாத்தா ஒரு எட்டுதான் கலைஞ்சுக்கிட்டு இருக்கும். சொன்னா, இவ்வளவு வருசம் காத்துக்கிடந்தது வந்துச்சு, உங்க கைதான் பிடிச்சுது, நீங்க இல்லைன்னு சொல்லணும். எந்த வாயால சொல்லுவேன்? சொல்லமாட்டேன். உசுரு பெருசா பேச்சு பெருசான்னா உசுருதான் பெருசு, தெரியும்டி, தெரியாமலா இருக்கு. ஆனா அந்த உசுரை அந்த நாற்காலியில உக்காத்தி வச்சு நான் என்ன செய்ய. இந்தா, இமைக்காக. வந்துட்டாக. உதடு நின்னுட்டு. சொல்லமாட்டேன், முடிஞ்சுது.

கழுத்தை நெட்டி முறிச்சுட்டு என்னைப் பாத்தாக, இவுகதான், இந்தக் கண்ணு என்மேல பட்டு நின்னுச்சு. எனக்குக் கட்டிப்பிடிச்சு அழணும்போல இருந்துச்சு. "செத்த அசந்துட்டேன் போல. இன்னைக்கு வெறும் தண்ணிதான், இல்லையா?"ன்னாக. ஆமா அத்தான், ஒண்ணும் வரல, கிளம்புவோம், புகை நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னேன். குரல் நல்லாத்தான் வந்துச்சு. சாம்பல் விழுந்த முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனாக, மூக்குக்கிட்ட வந்ததும் கை நின்னுட்டு. எங்கையை, வலையை, பலகையை எல்லாத்தையும் கழுவுனேன், இவுக கையைக் கழுவல. அடுத்த வீட்டுல முட்டை உடைச்சா எங்க வீட்டுல சாம்பிராணி போடுவோம், அந்த மூக்கு. உள்ளங்கையை மோந்தாக. மறு கையை மோந்தாக. விரலுக்கு நடுவுல பசை மாதிரி ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலால தேச்சுப் பாத்தாக. பொறவு என் சட்டையைப் பாத்தாக, தோள் வரைக்கும் நனைஞ்சு கிடக்கு, அது எனக்குத் தெரியவே இல்ல. எவ்வளவு நேரம் நான் இல்லைன்னு கேப்பாகன்னு நெனச்சேன். ஏன் பொய் சொன்னேன்னு கேப்பாக. ரெண்டும் கேக்கல.

"நானா பிடிச்சேன்?"

"நீங்கதான்."

"எட்டுலயா?"

"எட்டுலதான் அத்தான். கை ஆடவே இல்ல. அப்பிடி ஒரு எட்டு."

தலையை ஆட்டுனாக. தண்ணியைப் பாத்தாக, அதுல சாம்பல்தான் கிடந்துச்சு. "எவ்வளவு நீளம்?"னு கேட்டாக. நான் அளக்கல, அளக்க எங்க நேரம் இருந்துச்சு, ஆனா பாத்திருக்கேன்லா, நான்தான பாத்திருக்கேன். ரெண்டு கையையும் விரிச்சேன். போதல, இன்னும் விரிச்சேன், தோள் எட்டுன மட்டும் விரிச்சு, இதுக்கும் கொஞ்சம் மேலயே இருக்கும்னு சொன்னேன். என் இந்தக் கையில இருந்து அந்தக் கை வரைக்கும் பைய, ஒரு இடம் விடாம, பாத்துக்கிட்டே வந்தாக. உதடு துடிச்சுது, இது வேற துடிப்பு.

"வித்துருவோம் உலகு" அப்பிடின்னாக.

எனக்குத் தாங்கல, கையை இறக்கி இவுக கையைப் பிடிக்கப் போனேன்.

"எறக்காத. செத்த நேரம் அப்பிடியே வச்சுக்கோ."

வச்சுக்கிட்டு இருக்கேன். தோள் ரெண்டும் கடுக்குது. இவுக இன்னும் பாத்து முடிக்கல.